புனைமொழிக்கு எழுத்து உண்டாக்குவது எப்படி: கையிலிருந்து தொடங்கும் ஒரு வழி

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒரு மொழி உண்டாக்கினாள். கடல் நடுவே பாறைத் தீவில் வாழும் ஒரு கூட்டத்தைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தாள். அவர்கள் தமிழில் பேசினால் பொருந்தவில்லை என்று தோன்றியிருக்கிறது. முந்நூறு சொல், கொஞ்சம் இலக்கணம், பெயர் நெலுமி. "மாமா, நீங்க எழுத்துக்காரர்லா, இதுக்கு ஒரு எழுத்து போட்டுத் தாங்க" என்று நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். ஃபிளக்ஸ் வருவதற்கு முன் பல வருஷம் சுவர்களிலும் படகுகளிலும் கடைப் பலகைகளிலும் பிரஷ் பிடித்து எழுதியவன். அந்தத் தெம்பில் அன்று ராத்திரியே கணினி முன் உட்கார்ந்து நாற்பது எழுத்து வரைந்தேன். வளைவுகள் அழகாக வந்தன. அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால் ஒரு வரிகூட அந்த எழுத்தில் இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு முறை பேனாவை எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அதுதான் காரணம். மாமா மனசு நோகும் என்று பிள்ளை சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

பிறகு இரண்டு பேரும் சேர்ந்து முதலிலிருந்து தொடங்கினோம். அந்த இரண்டாவது எழுத்தில் அவள் இன்றைக்கும் நாட்குறிப்பு எழுதுகிறாள். தாமே ஒரு மொழியைப் புனைந்து, அதற்கு எழுத்தும் வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக அந்த வழியை இங்கே எழுதுகிறேன். இந்த ஆசை புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வாழ்ந்த ஹில்டகார்ட் என்ற பெண் துறவி, தாம் புனைந்த மொழிக்காக 23 எழுத்துகளை உண்டாக்கி வைத்திருக்கிறார்.

வரைவதற்கு முன் எண்ணுங்கள்

தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே ஒரு கணக்குதான். எழுத்து என்பவை அகரம் முதல் னகரம் வரை முப்பது என்று எண்ணிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம். அந்த நூலை அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேற்றியதாகப் பாயிரம் சொல்கிறது; எங்கள் மாவட்டத்தின் மேற்கே உள்ள அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அந்த ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு, எண்ணாமல் வரையத் தொடங்கியது என் முதல் தவறு.

எதை எண்ணுவது? காதில் விழும் ஒலிகள் எல்லாவற்றையும் அல்ல, மாறினால் பொருள் மாறும் ஒலிகளை மட்டும். பக்கம், பங்கு, பகல் என்று சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் ககரம் வேறு வேறு மாதிரி ஒலிக்கிறது. ஆனால் அது எப்படி ஒலிக்கும் என்பதை அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. அதனால் தமிழுக்கு ஒரு க போதும். குளி, குழி அப்படியில்லை. ஒரு ஒலி மாறினால் ஆளே பள்ளத்தில் இருப்பார். ஆகவே இரண்டு எழுத்து வேண்டும்.

உங்கள் மொழியின் சொற்பட்டியலை எடுத்து இப்படிச் சோடி சோடியாகத் தேடுங்கள். பொருள் பிரிக்கும் சோடி கிடைத்தால் தனி எழுத்து, கிடைக்காவிட்டால் சேர்த்துவிடலாம். நாங்கள் எண்ணியபோது நெலுமியில் பன்னிரண்டு மெய் வந்தது: ப, ம, வ, த, ந, ஸ, ல, ர, க, ங, ஹ, ய. உயிர் அஞ்சு: அ, இ, உ, எ, ஒ. குறில் நெடில் வித்தியாசம் இல்லை. நான் முதலில் வரைந்த நாற்பதில் பாதிக்கு மேல் அந்த மொழிக்குத் தேவையே இல்லாதவை.

அடுத்து, ஒலிகள் எப்படிச் சேர்கின்றன என்று பாருங்கள். நெலுமியில் ஒரு மெய்க்குப் பின் எப்போதும் ஓர் உயிர் வரும். சொல்லின் கடைசியில் மட்டும் ந், ஸ் என்ற இரண்டும் தனியாக நிற்கலாம். தெமு என்றால் அலை, கிரஸ் என்றால் பாறை. இந்த ஒரு விதி தெரிந்தால்தான் அடுத்த முடிவை எடுக்க முடியும்.

தமிழில் ந, ன இரண்டும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒரே மாதிரிதான் வருகின்றன, எழுத்து மட்டும் இரண்டாக நிற்கிறது. பழைய மொழி என்றால் இப்படித் தடம் இருக்கும். உங்கள் கதையில் அந்த மொழிக்கு ஆயிரம் வருஷ வயது என்றால், ஒலி மறைந்தும் எழுத்து மறையாத ஒரு சோடியைத் தெரிந்தே வைக்கலாம். எனக்குப் பிடித்த யுக்தி அது. ஆனால் ஒன்று போதும்.

எந்த முறை?

அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி மக்களில் செக்வோயா என்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், தம் மொழிக்கு எழுத்து உண்டாக்க வருஷக்கணக்கில் உழைத்தார். முதலில் ஒரு சொல்லுக்கு ஒரு குறி என்று தொடங்கினார். குறிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. அதை விட்டுவிட்டு, சொற்களை அசைகளாகப் பிரித்து, அசைக்கு ஒரு குறி என்று மாறினார். சுமார் எண்பத்தைந்தில் அடங்கிவிட்டது. 1821-இல் முடிந்தது. முதலில் கற்றுக்கொண்டது அவருடைய சின்ன மகள்.

உங்களுக்கும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. நெலுமிக்கு ஒலிக்கு ஓர் எழுத்து என்றால் 17. அசைக்கு ஓர் எழுத்து என்றால் பன்னிரண்டை அஞ்சால் பெருக்கி அறுபது, தனி உயிர் அஞ்சு, கடைசி மெய் இரண்டு, ஆக 67. தமிழ் மாதிரி மெய்யோடு உயிர்க்குறி சேரும் முறை என்றால் பன்னிரண்டு மெய், சொல்லின் முதலில் வர அஞ்சு தனி உயிர், அகரம் உள்ளேயே இருப்பதால் நாலு குறி, ஒரு புள்ளி. மொத்தம் 22.

மெய்கள் கூட்டம் கூட்டமாக வரும் மொழி என்றால் தமிழ் முறையில் புள்ளி மேல் புள்ளியாக வைத்துச் சலித்துப் போவீர்கள். ஒலிக்கு ஓர் எழுத்துதான் வசதி. அசைகள் எண்பதுக்குள் என்றால் அசையெழுத்தைத் தைரியமாக எடுக்கலாம். குறில் உயிர்களை எழுதாமல் மெய்களையும் நெடில்களையும் மட்டும் எழுதும் அரபி முறை, மெய்களே வேர்ப்பொருளைத் தாங்கும் மொழிகளுக்குத்தான் இயல்பாகப் பொருந்தும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, புது எழுத்தே வேண்டாம் என்பது. தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழ் இதற்கு நல்ல உதாரணம். அரபியில் இல்லாத ப, ட, ண, ள போன்ற ஒலிகளுக்கு, ஏற்கெனவே இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் கூட்டி வேலையை முடித்திருக்கிறார்கள். கதையில் உங்கள் மக்கள் வேறொரு கூட்டத்திடமிருந்து எழுத்தைக் கற்றவர்கள் என்றால், இந்த ஒட்டுப்போட்ட எழுத்துதான் மிகவும் நம்பும்படி இருக்கும்.

நாங்கள் 22 எழுத்து முறையை எடுத்தோம். ஒரு எச்சரிக்கை: புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலரும் தமிழ் அரிச்சுவடியை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புதுப் படம் போடுகிறார்கள். அது ரகசிய எழுத்துதான், அந்த மொழிக்கான எழுத்தாகாது. உங்கள் மொழியில் ழ இல்லையென்றால் ழ-வுக்குப் படம் வேண்டாம்.

எதை வைத்து, எதன் மேல் எழுதுகிறார்கள்?

அவசரப்படாமல் நின்று செய்ய வேண்டிய படி இது.

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் சிதறால் மலை. மேலே பாறையில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கியிருக்கும், அவற்றின் பக்கத்தில் வட்டெழுத்து, அதாவது பழங்காலத்தில் தமிழ் எழுதிய வளைந்த எழுத்து. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் அரசர்கள் காலத்துக் கல்வெட்டும் அங்கே உண்டு. அக்கா மகளை அங்கே கூட்டிப்போய் அந்த எழுத்துகளைப் பார்க்கச் சொன்னேன். கல்லில் உளி கொண்டு வெட்டுவதற்கு நேர்கோடு எளிது, வளைவு கஷ்டம். ஆனால் அங்கே இருப்பதெல்லாம் வளைவு. "கல்லுக்குன்னு உண்டாக்கினா இப்படியா மாமா இருக்கும்?" என்று கேட்டாள். சரியான கேள்வி. ஓலையில் எழுதிப் பழகிய கை உண்டாக்கிய வடிவத்தைத்தான் சிற்பி கல்லில் பார்த்து வெட்டியிருக்கிறார்.

ஓலை ஏன் வளைவைக் கேட்கிறது என்பதை வாயால் சொல்வதைவிடச் செய்து பார்ப்பது மேல். பனைக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. தெரிந்த பனையேறியிடம் சொல்லி இளம் ஓலை வாங்கி, ஈர்க்கு நீக்கி, வெந்நீரில் கொதிக்கவிட்டு, நிழலில் சில நாள் காயப் போட்டோம். எழுத்தாணி கிடைக்கவில்லை, ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முள்ளை எடுத்துக்கொண்டாள். என் பழைய எழுத்தில் எல்லா எழுத்துக்கும் மேலே ஒரு தட்டையான கோடு உண்டு. முதல் எழுத்தின் மேற்கோட்டை இடமிருந்து வலமாக இழுத்தாள். முள் ஓலையின் நரம்போடு சேர்ந்து ஓடி, கோடு நின்ற இடத்துக்கு அப்பாலும் விரிசல் போனது. "மாமா, கிழியுது." இரண்டாவது முறை பைய இழுத்தாள், அப்போதும் கிழிந்தது. மூன்றாவது முறை அவளாகவே அந்தக் கோட்டை நடுவில் கொஞ்சம் மேலே தூக்கி வளைத்தாள். முள் நரம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஓலை தாங்கியது.

நெலுமி எழுத்துக்கு அந்த நிமிஷம்தான் முகம் கிடைத்தது. தட்டையான மேற்கோடு போய், அலை மாதிரி ஒரு தூக்கல் வந்தது. தீவு மக்கள் ஓலையில் எழுதுகிறார்கள் என்று கதையிலும் சேர்த்துக்கொண்டாள். விளக்குக்கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து ஓலையில் பூசித் துடைத்தோம். கீறலில் மட்டும் கறுப்பு நின்றது.

ஓலையில் ஆழமாக ஒரு புள்ளி குத்தினால் ஓட்டை விழும். நம் பழைய ஓலைகளிலும் கல்வெட்டுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இல்லாமல் போனதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. எ, ஒ குறிலுக்குப் புள்ளி என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் புள்ளி இல்லாததால் குறிலா நெடிலா என்று வாசிப்பவர் ஊகிக்க வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்தார் என்பது பலரும் அறிந்தது. ஆகவே உங்கள் கருவிக்கு எது பலவீனமோ, அதன் மேல் பொருளை ஏற்றாதீர்கள். நெலுமியில் நாங்கள் புள்ளியை எடுத்துவிட்டு, எழுத்தின் காலைக் கீழே நீட்டிவிடும் பழக்கத்தை வைத்தோம்.

ஓலைதான் வேண்டும் என்றில்லை. உளி என்றால் நேர்கோடும் முக்கோணமும். பிரஷ் என்றால் தடிப்பும் மெலிவும் தானாக வரும். சுவரில் எழுதிய காலத்தில் தமிழ் வ-வின் வயிறு எனக்குப் பிரஷ்ஷே போட்டுக் கொடுத்ததுதான். பந்துமுனைப் பேனா எந்தத் திசையிலும் ஒரே தடிப்பில் போகும், அதனால் அது எழுத்துக்குத் தனியாக எந்தக் குணமும் தராது. பேனாவை மட்டும் வைத்து உண்டாக்கினால் எழுத்து ஏதோ கணக்குக் குறி மாதிரி இருப்பது இதனால்தான். கைக்கு எட்டும் கருவி எதையாவது உண்மையில் பிடித்து எழுதிப் பாருங்கள். மூங்கில் குச்சியைச் சரிவாகச் சீவி மையில் தோய்த்தாலும் போதும்.

வடிவங்கள்

வடிவத்தை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு உலகத்தில் நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. கொரிய அரசர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில், மெய்களின் அடிப்படை வடிவங்கள் வாயின் படம். ம-வுக்கு வாய், ந-வுக்கு மேலே தொடும் நாக்கு, ஸ-வுக்குப் பல். அதே இடத்தில் பிறக்கும் இன்னொரு ஒலிக்கு ஒரு கோடு கூட்டுவார்கள். மாலத்தீவுப் பக்கத்து 'தானா' என்ற எழுத்து வேறு வழியில் போனது. எங்கள் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து விசைப்படகுகள் ஆழ்கடலில் லட்சத்தீவு வரை மீன் பிடிக்கப் போகும். அங்கே மினிக்காய் தீவிலும் மாலத்தீவிலும் எழுதும் எழுத்து அது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபி எண்களிலிருந்தும், அடுத்த ஒன்பது உள்ளூர்ப் பழைய எண்களிலிருந்தும் வந்தவை. வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள். எண்ணை எழுத்தாக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்கவே செய்யாது.

நாங்கள் கொரிய வழியை எடுத்து, அதில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தோம். அதை விரிவாகச் சொல்கிறேன்.

உதட்டில் பிறக்கும் ப, ம, வ மூன்றுக்கும் ஒரே அடிப்படை: இடது மேலிருந்து இறங்கி, கீழே குழிந்து, வலது மேலே ஏறும் ஒரு வளைவு, கீழுதடு மாதிரி. ப அந்த வளைவு மட்டும். ம என்றால் வலது நுனியில் உள்ளே ஒரு சுழி. வ என்றால் வலது நுனி வெளியே சாய்ந்து விழும். காகிதத்தில் பார்க்க அருமையாக இருந்தது. நாக்கு நுனிக்கு ஒரு கொக்கி, தொண்டைப் பக்கத்துக்கு ஒரு கவிழ்ந்த வில், அதே சுழி, அதே சாய்வு.

பிறகு ஒரு பக்கம் வேகமாக எழுதச் சொன்னேன். எட்டாவது வரியில் ம-வின் சுழி சுருங்கி ஒரு முடிச்சாகி, பன்னிரண்டாவது வரியில் காணாமல் போனது. வ-வின் சாய்வும் பாதியில் நின்றது. மறுநாள் அவள் எழுதியதை அவளே வாசிக்கத் திணறினாள். "மூணும் ஒண்ணு போலல்லா இருக்கு மாமா."

வட்டெழுத்துக்கும் இதே கதி வந்தது. பிற்கால வட்டெழுத்தில் ப, வ, ய, ந ஒன்றையொன்று நெருங்கி வந்து, முன்பின் பார்த்துத்தான் இன்ன எழுத்து என்று சொல்ல முடியும் என்றானது. நூற்றாண்டுகளில் நடந்த தேய்மானம் எங்களுக்குப் பன்னிரண்டு வரியில் நடந்துவிட்டது.

அவள் எழுதிய பக்கத்தை நெடுநேரம் பார்த்ததில் ஒன்று புரிந்தது. வேகமாக எழுதும்போது கோட்டின் தொடக்கம் நிற்கும், முடிவு தேயும். கை ஒரு எழுத்தைத் தொடங்கும்போது கவனம் இருக்கும். முடிக்கும்போது மனசு அடுத்த எழுத்துக்குப் போய்விடும். எங்கள் எழுத்தில் வித்தியாசம் எல்லாம் கோட்டின் முடிவில் இருந்தது. ஆகவே ம-வின் சுழியைத் தூக்கி இடது பக்கம், தொடக்கத்தில் வைத்தோம். முதலில் சுழி, பிறகு குழிவு. வ-வைக் குடும்பத்திலிருந்தே பிரித்து, நடுவில் ஒரு கூர் வைத்தோம். குடும்ப ஒற்றுமை கொஞ்சம் குலைந்தது. ஆனால் அதன் பிறகு அவள் எவ்வளவு வேகமாக எழுதினாலும் எழுத்துகள் பிரிந்து நின்றன.

ஒழுங்கு எழுத்தை உண்டாக்குகிறவருக்கு இனிக்கும், வாசிக்கிறவருக்கு வித்தியாசம்தான் வேண்டும். உங்கள் மொழியில் ஒரு பக்கம் எழுதி, எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். அதிகம் வருவதற்கு ஒரே இழுப்பில் முடியும் வடிவம் கொடுங்கள். அரிதாக வருவது மூன்று இழுப்பு எடுத்தாலும் யாருக்கும் கஷ்டமில்லை.

உயிர்க்குறிகளுக்கு எங்களிடம் ஒரே விதி: மேலே, கீழே அல்லது வலப்பக்கம். எழுத்துக்கு முன்னால் எதுவும் வராது. தமிழில் கெ, கை என்று கொம்பை முன்னால் எழுதிவிட்டு ககரத்தை எழுதுகிறோம், நமக்குப் பழகிவிட்டது. புது எழுத்தில் இது கணினிக்குப் போகும்போது பெரிய தலைவலி, அதைப் பின்னால் சொல்கிறேன்.

குறிகள் எல்லா எழுத்திலும் ஒரே மாதிரி சேரட்டும். கு, சு, து, நு என்று உகரம் எத்தனை வேஷம் போடுகிறது பாருங்கள். மலையாளத்தில் 1971 சீர்திருத்தம் உகரக் குறியைத் தனியாகப் பிரித்து எழுதச் சொன்னது. தமிழில் 1978 சீர்திருத்தத்தில் ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாம் மற்ற எழுத்துகளோடு ஒத்துப்போகும்படி மாறின. பழைய யானைக்கொம்பு லை-யைச் சுவரில் எழுதக் கற்றுத்தந்தவரிடம்தான் நான் வேலை பழகினேன்; எழுத அது தனி சுகம். ஆனாலும் முதல் நாளே உங்கள் எழுத்தில் விதிவிலக்கு வைக்காதீர்கள். எழுத எழுதத் தானாக வரும் விதிவிலக்குகள் போதும்.

தேய்த்துப் பாருங்கள்

வடிவம் பிடித்ததும் கணினிக்கு ஓடாதீர்கள். ஒரு நோட்டு போட்டு, நாளுக்கு ஒரு பக்கம், குறைந்தது ஒரு மாதம் எழுதுங்கள். நாட்குறிப்பு, கடைக்குப் பட்டியல், எதுவானாலும் சரி. தேதி போடுங்கள். மாதக் கடைசியில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கை எதை மாற்றியிருக்கிறது என்று தெரியும். கை மாற்றியது பெரும்பாலும் சரி. இரண்டு எழுத்து நெருங்கியிருந்தால் மட்டும் தலையிட்டுப் பிரியுங்கள். எங்கள் எழுத்தில் ர-வும் ல-வும் அந்த ஒரு மாதத்தில் முழுக்க மாறின.

சுவர் வேலையில் நான் கற்ற சோதனை ஒன்று சொல்கிறேன். எழுதிய வரியின் கீழ்ப்பாதியை ஒரு அட்டையால் மறைத்து வாசியுங்கள், அப்புறம் மேல்பாதியை. இரண்டிலும் பாதியாவது ஊகிக்க முடிய வேண்டும். அடுத்து, பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள். கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைப் பக்கம் ஓடும் பஸ்களில் தமிழும் மலையாளமும் சேர்ந்த போர்டை ஓடிக்கொண்டே வாசித்து ஏறும் ஆட்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். தூரத்தில் தெரியாத எழுத்தை எழுத்து என்று ஒத்துக்கொள்ள மனசு வராது.

திசை, எண், நிறுத்தக்குறி எல்லாம் இந்த மாதத்திலேயே தானாக முடிவாகிவிடும். வலது கைக்காரருக்கு இடமிருந்து வலம் எழுதினால் மை கையில் படாது. எண்ணுக்கு ஒன்று முதல் ஒன்பதும் பூஜ்ஜியமும் போதும். பழமை வேண்டுமென்றால் தமிழில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறி இருந்தது போல வைக்கலாம். சொல்லுக்கு இடையே இடம் விடுங்கள். விடாமல் எழுதிய பழைய ஏடுகளை வாசிக்கப் படும் பாடு உங்கள் வாசகருக்கு வேண்டாம்.

கணினிக்குக் கொண்டுபோவது

எழுத்துருவாக்க இலவச மென்பொருள்களே போதும். நோட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தின் நல்ல வடிவத்தையும் தெரிந்தெடுத்து, பெரிதாகத் தடித்த பேனாவில் எழுதி ஸ்கேன் செய்யுங்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் அதன் மேல் கோடு வரைந்து, கோட்டை உருவமாக மாற்றி, எஸ்விஜி என்ற படக் கோப்பாகச் சேமித்து, ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் ஒவ்வொன்றாகக் கொண்டுவர வேண்டும். எழுத்தின் கட்டம் 1000 அலகு என்று வைத்துக்கொண்டால் அடிக்கோட்டுக்கு மேல் 800, கீழே 200 என்பது வழக்கம். கால் நீளும் எழுத்துகள் அதிகம் என்றால் கீழே 300 கொடுங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிய கோடுகளை மென்பொருளிலேயே ஒன்றாக்கிவிடுங்கள், இல்லையென்றால் அச்சில் வெள்ளை ஓட்டை விழும்.

எந்த விசையில் எந்த எழுத்து? இரண்டு வழி. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உங்கள் எழுத்தைப் போட்டுவிடுவது எளிது. எந்தக் கணினியிலும் எழுத்துருவை மாற்றினால் போதும். ஆனால் எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இன்னொன்று, உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் ஒதுக்கும் யூனிகோடில் தனிப்பயன் பகுதி என்று ஒன்று உண்டு. யூனிகோடின் முதல் பகுதியான அடிப்படைத் தளத்தில் மட்டும் 6400 இடங்கள், யாருக்கும் ஒதுக்காமல் விட்டவை. அங்கே வைத்தால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். தட்டச்சு செய்ய கீமேன் போன்ற மென்பொருளில் விசைப்பலகை உண்டாக்க வேண்டும். தொடங்குகிறவர் முதல் வழியில் ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதுக்குப் போகலாம்.

முன்னால் சொன்ன தலைவலி இங்கேதான். தமிழில் கெ என்று அடிக்கும்போது கணினி ககரத்தையும் கொம்பையும் அந்த வரிசையில் சேமித்து, காட்டும்போது கொம்பை முன்னால் தள்ளி வைக்கிறது. தமிழ் என்று அதற்குத் தெரிந்திருப்பதால் செய்கிறது. தனிப்பயன் பகுதி எழுத்துக்கு அந்த உதவி கிடையாது. அங்கே எல்லா எழுத்தும் இடமிருந்து வலம் என்றே கணினி எடுத்துக்கொள்வதால், வலமிருந்து இடம் எழுதும் எழுத்துக்கும் கூடுதல் வேலை உண்டு. மேலே கீழே வரும் குறிகளுக்கு அகலத்தைப் பூஜ்ஜியமாக்கி, வடிவத்தை இடப்பக்கம் தள்ளி வரைந்துவிட்டால் முந்தைய எழுத்தின் மேல் போய் உட்காரும். மெய்யெழுத்துகள் எல்லாம் ஒரே அகலம் என்றால் இந்த உத்தி கச்சிதமாக வேலை செய்யும். அதனால் முதல் எழுத்துருவில் எல்லா மெய்க்கும் ஒரே அகலம் வைத்துவிடுங்கள்.

அடுத்தவர் ஃபோனில் உங்கள் எழுத்துரு இருக்காது, வெறும் கட்டம்தான் தெரியும். பிடிஎஃப் ஆகவோ படமாகவோ அனுப்புங்கள். செரோக்கி எழுத்து 1828-இல் செய்தித்தாளாக அச்சேறியபோது, செக்வோயாவின் கையெழுத்து வடிவங்களுக்கும் அச்சு வடிவங்களுக்கும் நிறைய வித்தியாசம் வந்துவிட்டது. அச்சு வடிவமே நின்றது. உங்கள் நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வது அதனால்தான்.

வாசிக்கக் கொடுங்கள்

எழுத்து முடிந்ததா என்று உண்டாக்கியவருக்குத் தெரியாது. உங்கள் மொழி தெரியாத ஒருவரிடம் எழுத்து அட்டவணையை ஒரு தாளில் கொடுங்கள், பத்துச் சொல்லைக் கையால் எழுதிக் கொடுங்கள், அட்டவணையைப் பார்த்தபடியே வாசிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், எந்த எழுத்தில் அவர் கண் இரண்டு முறை மேலே போகிறது என்று மட்டும் குறியுங்கள்.

அக்கா மகள் அந்தத் தாளைத் தன் பாட்டியிடம் கொடுத்தாள், அதாவது என் அம்மாவிடம். அம்மா திருவிதாங்கூர் காலத்தில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவள், தமிழ் பின்னால்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, "தெ... மு" என்றாள். அடுத்து "கி... ர..." கடைசி எழுத்தில் நின்றாள். ஸ-வின் கீழே நீட்டிய கால் அவளுக்கு உகரக் குறியாகத் தெரிந்தது. "கிரசு" என்றாள். பத்தில் மூன்று இடத்தில் அதே தடுமாற்றம்.

அன்றைக்குச் சாயங்காலம் உகரக் குறியை இடப்பக்கமாக வளைத்தோம். காலை நேராக விட்டோம். எழுத்துருவில் பன்னிரண்டு எழுத்தையும் திருப்பி வரைய எனக்கு இரண்டு ராத்திரி ஆனது.